மூன்று கோடை கண்ட மது

பிரஸ்ஸல்ஸ் மாநகரின் தெற்கு ரயில் நிலையத்தில், லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் விரைந்து வரும் வண்டிகளைவிட்டு இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாய் நகரின் நடுவுக்குப் போகாமல், ஆண்டர்லெக்ட் என்னும் பழைய தொழிலாளர் பகுதியின் பக்கமாகத் திரும்பிப் பத்து நிமிஷம் நடந்தால், பக்கத்து வீடுகளினின்றும் பெரிதும் வேறுபட்டுத் தோன்றாத ஒரு பழங்கட்டடம் தென்படும். அதன் கதவைத் திறந்து உள்ளே அடிவைத்த கணத்திலேயே, வெந்துகொண்டிருக்கும் தானியத்தின் இனிய ஆவியும், ஈரமேறிய பழைய மரத்தின் வாசனையும், பழச்சாறு புளித்தாற் போன்ற ஒரு கூர்மையும் ஒன்றாகக் கலந்து நம்மை எதிர்கொள்கின்றன. கான்டியோன் என்பது அந்த மதுவடிசாலையின் பெயர். 1900-ஆம் ஆண்டில் பால் கான்டியோன் என்பவரும் அவர் மனைவி மரீ டிரோக்கும் தொடங்கிய இந்தச் சிறு தொழில், இன்றளவும் அதே குடும்பத்தார் கையிலேயே இருந்துவருகிறது. பெரிய ஆலைகள் ஒரு நாளில் வடித்துத் தள்ளும் அளவை ஓராண்டு முழுதும் உழைத்தாலும் எட்டமுடியாத இந்த இடத்தைக் காணவேண்டுமென்ற ஆவல் எனக்கு நெடுநாளாக இருந்தது. நவம்பர் மாதத்துப் பிற்பகுதியில் ஒரு நாள் காலையில் அது நிறைவேறியது.

மது அருந்தும் வழக்கமில்லாத வாசகர்களும் இதைத் தொடர்ந்து படிக்கவேண்டும் என்பது என் விருப்பம். ஏனெனில், நான் சொல்லப்போவது போதையைப் பற்றியதன்று. கண்ணுக்குப் புலப்படாத ஜீவராசிகளோடு மனிதன் செய்துகொண்ட ஒரு பழைய உடன்படிக்கையைப் பற்றியது.

உலகெங்கும் இன்று காய்ச்சப்படும் பீரில் பெரும்பகுதிக்கு வழி ஒன்றுதான். பார்லியை நனைத்து முளைகட்டி, உலர்த்தி, உடைத்து, வெந்நீரில் ஊறவைத்தால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த இனிப்பு ரசத்தை வடித்து, ஹாப்ஸ் என்னும் கொடியின் கசப்பான பூக்களைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறிய பிறகு ஈஸ்டைச் சேர்த்தால், அந்த ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் வாயுவையும் கொடுக்கும். இதில் ஈஸ்ட் என்பது ஓர் உயிர் என்றும், பீரைக் கெடுப்பவை வேறு சில நுண்ணுயிர்கள் என்றும் பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் 1876-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அதன்பின் 1883-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த எமில் ஹான்ஸன், ஒரே ஈஸ்ட் அணுவிலிருந்து தூய வம்சம் ஒன்றைப் பெருக்கிக் காட்டினார். அன்று முதல் மதுவடிசாலைகளில் சுத்தமே முதல் தர்மமாயிற்று. வேண்டிய உயிர் ஒன்றை மட்டும் உள்ளே விடுவது, மற்றவை அனைத்தையும் வெளியே நிறுத்துவது என்ற இந்தச் சாஸ்திரத்தினால்தான், ஒரு பெயருள்ள பீர் எந்த ஊரில் எந்த மாதத்தில் வாங்கினாலும் ஒரே ருசியாக இருக்கிறது.

கான்டியோனில் செய்வது இதற்கு நேர்மாறு. இங்கே ஈஸ்டை யாரும் சேர்ப்பதில்லை. நம் பனங்காட்டு வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கிவிடும். சுண்ணாம்பு தடவிய கலயத்தைப் பாளையில் கட்டினால் கிடைப்பது பதநீர். தடவாத கலயத்தைக் கட்டினால், யாரும் எதையும் கலக்காமலே, காற்றிலும் கலயத்திலும் பாளையிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் தாமே வந்து இறங்க, இனிப்புச் சாறு கள்ளாக மாறிவிடும். பிரஸ்ஸல்ஸ் நகரத்தைச் சுற்றியும், அதன் மேற்கே உள்ள பாயோட்டன்லாந்து என்ற கிராமப்புறத்திலும் தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சப்படும் லாம்பிக் என்னும் பீரும் அவ்வண்ணமே காற்றை நம்பிப் பிறப்பது. கள் சில மணி நேரத்தில் பக்குவமாகி மறுநாளே கடுத்துப்போகும். லாம்பிக்கோ பக்குவமடைய ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்பதை அந்தக் கட்டடத்தின் மாடிகளில் ஏறி இறங்கினால்தான் உணரமுடியும்.

வருகிறவர்களை முதலில் கூடத்தில் நிறுத்தி, வீட்டின் கதையையும் வேலையின் கிரமத்தையும் சுருக்கமாகச் சொல்லி, கையில் ஒரு சிறு வழிகாட்டிப் பிரதியைக் கொடுத்து, பிறகு அவரவர் விருப்பம்போல் சுற்றிப் பார்க்க விட்டுவிடுகிறார்கள். கீழ்த்தளத்தில் தானியத்தை ஊறவைக்கும் பெரிய தொட்டி இருக்கிறது. உள்ளே இரும்புத் துடுப்புகள் சுழன்று கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தன. 1930-களின் இறுதியில்தான் இந்தக் குடும்பத்தார் சொந்தமாகக் காய்ச்சத் தொடங்கினார்கள். அதற்கு முன் பிறர் காய்ச்சிய லாம்பிக்கை வாங்கிக் கலந்து விற்பதே அவர்கள் தொழிலாயிருந்தது. அன்று பழையதாக வாங்கிய சாமான்களில் பல இன்னும் வேலை செய்துகொண்டிருப்பதைக் கண்டபோது, தாத்தா காலத்து ஆட்டுக்கல்லை இன்றும் புழங்கும் வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல் எனக்குத் தோன்றியது.

ஒரு தடவைக்கு 1300 கிலோ தானியம். அதில் நூற்றுக்கு 65 பங்கு முளைகட்டிய பார்லி, 35 பங்கு முளைகட்டாத பச்சைக் கோதுமை. சுமார் இரண்டு மணி நேரத்தில் சூட்டை 45 டிகிரியிலிருந்து 72 டிகிரி வரையில் படிப்படியாக ஏற்றுகிறார்கள். பச்சைக் கோதுமை எதற்கென்றால், அதன் மாவுச்சத்து முழுவதும் எளிய சர்க்கரையாக உடைந்துவிடாமல், ஓரளவு முரட்டுச் சத்தாகவே ரசத்தில் தங்கிவிடுகிறது. சாதாரண ஈஸ்டால் அதைத் தின்ன முடியாது. அப்படி மிஞ்சுவதுதான், பின்னர் பீப்பாயில் ஆண்டுக்கணக்காக வேலை செய்யப்போகும் உயிர்களுக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு.

அடுத்தது செப்புக் கொப்பரைகள். 10,000 லிட்டர் ரசம் மூன்று நான்கு மணி நேரம் கொதித்து 7,500 லிட்டராகச் சுண்டுகிறது. இதில் போடும் ஹாப்ஸ் புதியதன்று. இரண்டு மூன்று வருஷம் வைத்திருந்து, வர்ணம் பழுத்து, கசப்பெல்லாம் போன பழைய பூ. மற்றவர்கள் பூவின் புதுமணத்துக்காகப் போட்டியிட்டுப் பணம் கொடுக்க, இவர்கள் அதைப் பழசாக்கிப் போடுவதற்குக் காரணம் உண்டு. புளிப்பான பீரில் கசப்பு சேர்ந்தால் நாக்கு ஏற்காது. ஆனால் தீய கிருமிகளைத் தடுக்கும் ஹாப்ஸின் சக்தி வேண்டும். கசப்பு கழிந்தும் காவல் கழியாத பருவம் அந்தப் பழம்பூவுக்கு மட்டுமே உண்டு.

பிறகு மரப்படிகளில் ஏறிக் கூரைக்கு அடியிலுள்ள மச்சுக்குச் சென்றேன். அங்கே இருப்பது ஒரே ஒரு பொருள். அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு, முழங்கால் உயரத்துக்கு மேற்படாத விளிம்புடன், அகலமான செப்புத் தாம்பாளம் போன்ற ஒரு தொட்டி. கொதிக்கக் கொதிக்க அத்தனை ரசத்தையும் மாலையில் இதில் ஏற்றிவிட்டு, பக்கத்துப் பலகணிகளைத் திறந்து வைத்துவிட்டு, விளக்கை அணைத்துக் கீழே இறங்கிப் போய்விடுகிறார்கள். இரவு முழுவதும் ஆவி எழுந்து கூரையின் விட்டங்களில் படிய, குளிர்ந்த காற்று உள்ளே புகுந்து ரசத்தின்மேல் தவழ, விடியற்காலையில் அது 18 அல்லது 20 டிகிரிக்கு ஆறியிருக்கும். அந்த இரவில்தான் காற்றிலும் மரச்சட்டங்களிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதில் வந்து குடியேறுகின்றன. மனிதன் அங்கே செய்வது ஒன்றுமில்லை. உலகத்து மதுவடிசாலைகள் எல்லாம் எந்தக் கதவை அடைப்பதற்காக இத்தனை பாடுபடுகின்றனவோ, அந்தக் கதவை இவர்கள் இரவெல்லாம் திறந்து வைக்கிறார்கள். லாம்பிக் காய்ச்சுகிறவர்கள் பழைய கூரையின் ஓட்டைக்கூட அவசியமின்றி மாற்றமாட்டார்கள் என்று சொல்லக் கேட்டிருந்தேன். அந்தச் செப்புத் தொட்டியின் ஓரத்தில் நின்றபோது அந்த அச்சம் நியாயமானதே என்று பட்டது. தெய்வம் குடியிருக்கும் மரத்தின் கிளையை வெட்டத் தயங்கும் கிராமத்தாரின் மனத்தில் உள்ளதும் இதே மரியாதைதானே!

காற்றை நம்பியதால் காலத்தையும் நம்பவேண்டியதாகிறது. கோடைக் காற்றில் வேண்டாத கிருமிகள் மிகுதி. ரசமும் ஓரிரவில் ஆறாது. ஆகையால் அக்டோபர் இறுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரையில் மட்டுமே இங்கே அடுப்பு எரிகிறது. கீழே இறங்கும்போது படிக்கட்டில் எதிர்ப்பட்ட ஒரு தொழிலாளியிடம், அன்று காய்ச்சுவதை மேலே ஏற்றுவது எப்பொழுது என்று கேட்டேன். மாலையில் என்று சொன்னவர், சிறிய ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்து, மேகமில்லை, இரவு நன்றாகக் குளிரும் என்று, விதைப்புக்கு முன் மழையைப் பற்றிப் பேசும் உழவனைப் போல, எனக்கும் தமக்குமாகச் சொல்லிக்கொண்டார்.

இனிப் பீப்பாய்கள். அந்த அறைக்குள் நுழைந்ததும் என் நடை தானாகவே மெதுவாயிற்று. ஓக் மரத்திலும் செஸ்ட்நட் மரத்திலும் செய்த பீப்பாய்கள், பல முன்பு திராட்சை மது தங்கியிருந்தவை, வரிசை வரிசையாக அடுக்கப்பட்டு, தூசியும் நூலாம்படையும் போர்த்துக்கொண்டு, அரையிருளில் படுத்திருக்கின்றன. நூலாம்படையை ஒருவரும் துடைப்பதில்லை. புளிப்பு வாசனையைத் தேடி வரும் பழ ஈக்கள் பீப்பாயில் விழுந்தால் பீர் காடியாகிவிடும். அந்த ஈக்களைப் பிடித்துத் தின்னும் சிலந்திகளுக்கு ஆகவே இந்த வீட்டில் அபயம் அளிக்கப்பட்டிருக்கிறது. பூச்சிமருந்து இங்கே நுழைவதில்லை.

இந்தப் பீப்பாய்களுக்குள் நடப்பதை லூவன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் 1970-களில் கூர்ந்து ஆராய்ந்து சொன்னார்கள். புதிய ரசம் உள்ளே போய்ச் சில நாளில் பொங்கத் தொடங்கி, மூடாத வாயின் வழியே வெண்ணுரை வழிந்து பீப்பாயின் வயிற்றில் வடிந்து காய்கிறது. முதல் வாரங்களில் எழும் பாக்டீரியாக்கள் விரைவிலேயே ஓய்ந்துவிட, ரொட்டிக்கும் பீருக்கும் உறவான சாதாரண ஈஸ்ட் வகை வந்து எளிய சர்க்கரையையெல்லாம் தின்றுவிட்டு, சில மாதத்தில் அதுவும் அடங்குகிறது. அதன்பிறகு, வெயில் ஏறும் பருவத்தில், புளிப்பை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் தலையெடுக்கின்றன. அப்போது சில பீப்பாய்களில் பீர் எண்ணெய் போலக் குழகுழத்து, நூல் நூலாக இழுபடும். இதைக் காய்ச்சுகிறவர்கள் பீருக்கு நோய் வந்துவிட்டது என்றே சொல்கிறார்கள். வேறு எந்த ஆலையிலும் இப்படிப்பட்ட பீரைச் சாக்கடையில் கொட்டிவிடுவார்கள். இங்கே மருந்தும் இல்லை, அவசரமும் இல்லை. பீப்பாயை அப்படியே விட்டுவைக்கிறார்கள். மரத்தின் நுண்துளைகளில் நிரந்தரமாகக் குடியிருக்கும் பிரெட்டனோமைசிஸ் என்ற வேறொரு ஈஸ்ட், மெல்ல மெல்லப் பெருகி, அந்தக் குழகுழப்பையும், பச்சைக் கோதுமை விட்டுவைத்த முரட்டுச் சத்தையும் சேர்த்தே தின்று, பீரைத் தெளியவைக்கிறது. மேலே ஒரு மெல்லிய ஆடையாகப் படர்ந்து காற்றுப் படாமலும் காக்கிறது. தெளிந்த மதுவுக்குத் தேறல் என்று நம் முன்னோர் பெயர் வைத்தது எத்தனை பொருத்தம்! நோய்ப்பட்டுத் தேறியது என்ற பொருளிலும் இந்த பீர் ஒரு தேறல்தான்.

அந்த ஈஸ்டின் பெயரிலும் ஒரு விசேஷம் உண்டு. 1904-இல் கிளாஸன் என்ற டேனிஷ் விஞ்ஞானி, அதே கார்ல்ஸ்பெர்க் நிறுவனத்தில், ஆங்கிலேயர் நெடுநாள் வைத்திருந்த பீரில் இதைக் கண்டு, பிரிட்டிஷ் பூஞ்சை என்ற கருத்தில் அப்பெயரை இட்டார். பின்னர் லாம்பிக்கில் கண்ட இனத்துக்கு இந்நகரத்தின் பெயரையே சேர்த்துப் பிரெட்டனோமைசிஸ் புரூக்ஸெல்லென்ஸிஸ் என்று அழைக்கலானார்கள். தூய ஈஸ்டைத் தந்து மற்றவற்றையெல்லாம் விரட்ட வழிகாட்டிய அதே நிறுவனம்தான், விரட்டப்பட்டவற்றுள் ஒன்றுக்கு இந்த மரியாதையையும் செய்தது.

பீப்பாய்களின் நடுவே, காலத்தை விட்டுவிட்டுச் செய்ததைக் காலம் மதிப்பதில்லை என்ற பொருள்படும் பழமொழி ஒன்று எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அது வெறும் அலங்காரமன்று. மரத்தின் வழியே ஆண்டுதோறும் ஒரு பங்கு பீர் ஆவியாகிப் போகிறது. மூன்றாம் ஆண்டில் பீப்பாய் கண்கூடாகக் குறைந்திருக்கும். மூன்று ஆண்டு முதலைப் போட்டு, இருட்டில் படுக்கவைத்து, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் காற்றுக்குத் தானம் செய்துகொண்டு காத்திருப்பதற்கு எத்தகைய மனத்திடம் வேண்டும் என்பதைத் தொழில் செய்கிறவர்கள் அறிவார்கள். அதுமட்டுமன்று, ஒரே நாளில், ஒரே ரசத்திலிருந்து நிரப்பிய இரண்டு பீப்பாய்கள் இரண்டு சகோதரர்களைப் போல வெவ்வேறு குணத்தோடு வளரும். எதை எதனோடு சேர்ப்பது என்பதை எந்தக் கருவியும் சொல்வதில்லை; ஒவ்வொன்றாகத் திறந்து ருசிபார்த்து, நாக்கையும் மூக்கையும் கொண்டே தீர்மானிக்கிறார்கள்.

அப்படிச் சேர்ப்பதன் பெயர் கூஸ். ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம் ஆன லாம்பிக்குகளைக் கலந்து, ஷாம்பேன் குப்பி போன்ற கனத்த கண்ணாடியில் அடைத்துத் தக்கையிட்டு, நிலவறையில் படுக்கவைக்கிறார்கள். இளையதில் இன்னும் சர்க்கரை மிச்சமிருக்கிறது. முதியதில் மணமும் ஆழமும் இருக்கின்றன. குப்பிக்குள் இளையதன் சர்க்கரையை உண்ட ஈஸ்ட் வாயுவை வெளியிட, போக வழியின்றி அது பீரிலேயே கரைந்து, திறக்கும்போது நுரையாகப் பொங்குகிறது. கூட்டுக்குடும்பத்தில் பேரனின் துடிப்பும் பாட்டனின் நிதானமும் ஒன்றாய் இருப்பதைப் போன்றது என்று எண்ணிக்கொண்டேன்.

சுற்றி முடித்து வந்தவர்களுக்கு, கூடத்தின் மர மேசைகளில் சிறு கண்ணாடிக் குவளைகளில் ருசிபார்க்கத் தருகிறார்கள். முதலில் வந்தது கலக்காத தனி லாம்பிக். நுரை ஒரு துளியும் இல்லை. வைக்கோல் நிறம், வாயில் பட்டவுடன் நாரத்தங்காயை நறுக்கி நாக்கில் வைத்ததுபோல் ஒரு புளிப்பு, அது அடங்கியபின் பழைய மரமும், மழையில் நனைந்து மீண்டும் காய்ந்த வைக்கோற்போரும் நினைவுக்கு வரும் ஒரு மணம். கசப்பும் குமிழியும் உள்ள பீரையே அறிந்தவர்கள் இதைப் பீர் என்றே நம்பமாட்டார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞர் ஒருவர் முகத்தைச் சுளித்துக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, சற்றுப் பொறுத்து, மீண்டும் எடுத்து, இம்முறை கண்ணை மூடிக்கொண்டு பருகினார்; அதன்பின் அவர் குவளை காலியாகும்வரை பேசவில்லை.

கூஸ் வந்தபோது, அதே புளிப்பு இறக்கை முளைத்துவிட்டதுபோல் இருந்தது. வெண்ணுரை, பொன்னிறம், நுண்ணிய குமிழிகள். லாம்பிக்கில் தனித்தனியே நின்ற புளிப்பும் மரமும் வைக்கோலும் இதில் ஒன்றோடொன்று இழைந்து, பச்சை ஆப்பிளும் எலுமிச்சைத் தோலும் போன்ற சுவையாகி, விழுங்கிய பின்னும் தொண்டையில் உலர்ந்த ஒரு தெளிவை விட்டுச் சென்றன. சாராயச் சத்து நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே. தலைக்கு ஏறுவதற்காகக் குடிக்கும் பானம் இதுவன்று. அன்று ருசிபார்த்தவற்றுள் என் மனத்தில் முதலிடம் பெற்றது இதுவே என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது கிரீக். பிளெமிஷ் மொழியில் அது புளிப்புச் செர்ரிப்பழத்தின் பெயர். முழுப் பழங்களைக் கொட்டையோடு பீப்பாயில் போட்டு, அதன்மேல் லாம்பிக்கை ஊற்றி, மாதக்கணக்கில் ஊறவிடுகிறார்கள். பழத்தின் சர்க்கரை மறுபடியும் நொதித்துப்போக, இனிப்பு போய், மாணிக்க நிறமும் பழத்தின் உயிரும் மட்டும் நிற்கின்றன. கொட்டையின் பருப்பிலிருந்து வாதுமை போன்ற ஒரு மெல்லிய வாசனையும் வந்து சேர்கிறது. நகரின் வடகிழக்கே உள்ள ஸ்கார்பேக் ஒரு காலத்தில் இந்தச் செர்ரித் தோப்புகளுக்குப் பேர்போன ஊர். பழக்கூடைகளைச் சுமந்து சந்தைக்கு வரும் கழுதைகளை வைத்தே அதைக் கழுதைகளின் ஊர் என்று நகரத்தார் அழைத்தார்கள். இன்று அங்கே தெருக்களும் வீடுகளும்தான். பழத்தின் பெயரில் மட்டும் ஊர் நிற்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் இத்தகைய மதுவடிசாலைகள் ஏராளமாக இருந்தன. இரண்டு உலக யுத்தங்களும், மலிவான வெளிர்நிற பீரும், குளிர்ந்த இனிப்புப் பானங்களில் பழகிய புதிய நாக்கும் அவற்றை ஒவ்வொன்றாக மூடவைத்தன. பிழைத்தவர்களிற் பலர் புளிப்பை மறைக்கச் சர்க்கரையைக் கலந்தார்கள். வாங்குகிறவர்கள் விரும்பியதைத் தந்தார்கள் என்று அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. கான்டியோன் குடும்பத்து மருமகன் ஜான் பியேர் வான் ராயும் அவர் குடும்பத்தாரும் மாத்திரம், விற்பனை தளர்ந்துபோன அந்தக் காலத்தில், 1978-இல் மதுவடிசாலையையே கண்காட்சிச் சாலையாக்கி, கதவைத் திறந்து, ஊராரை உள்ளே அழைத்துக் காட்டினார்கள். எப்படிச் செய்யப்படுகிறது என்று கண்ணால் கண்டவன் அந்தப் புளிப்பின் நியாயத்தை உணர்ந்துகொள்வான் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கை வீண்போகவில்லை; இப்போது இதன் பீருக்காக உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், குப்பிகள் போதவில்லை. ஆனால் கிராக்கி பெருகிவிட்டதென்று மூன்று ஆண்டை இரண்டாக்கவோ, கோடையில் அடுப்பை மூட்டவோ அவர்கள் முனையவில்லை.

வேறொரு கவலை அவர்களுக்கு வந்திருக்கிறது. குளிர்காலம் குறுகிவருகிறது. 2015 நவம்பரில் இரவுகள் குளிராமற் போகவே, சில நாள் காய்ச்சுவதையே நிறுத்திவைக்க நேர்ந்தது. தொட்டிக்கு அடியில் குளிர்நீர்க் குழாயைச் சுற்றிவிட்டால் ரசம் ஆறிவிடும். ஆனால் அந்த இரவின் காற்றில் இருக்கவேண்டியவை இருக்குமா என்பதற்கு எந்தக் குழாயும் உத்தரவாதம் தராது. படிக்கட்டில் நின்று வானத்தைப் பார்த்த அந்தத் தொழிலாளியின் முகத்தில் நான் கண்டது வெறும் பழக்கமன்று என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

விடைபெற்று, நகரில் சிறிது சுற்றிவிட்டு, ரயில் நிலையத்துக்குத் திரும்பியபோது விளக்கேற்றும் நேரம் ஆகிவிட்டது. வண்டிக்கு இன்னும் அரைமணி இருந்தது. மேடையின் திறந்த ஓரத்தில் காற்று ஊசியாய்க் குத்த, மற்றப் பிரயாணிகள் கழுத்துத் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே ஒதுங்கினார்கள். என் மூச்சு வெண்புகையாய்க் கண்முன் கலைந்துகொண்டிருந்தது. அந்தக் குளிர் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காலையில் தொட்டியில் கிளறப்படக் கண்ட தானியத்தின் ரசத்தை இதற்குள் மச்சுக்கு ஏற்றியிருப்பார்கள், பலகணிகள் திறந்திருக்கும்.